பெண்ணாடம் எந்தத் தொகுதி?

பெண்ணாடத்துக் கோயிலில் நந்தி எந்தத் திக்கைப் பார்த்துக் கொண்டிருக்கிறது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தட்டாமல் பதில் சொல்லுவார்கள். ஒரு காலத்தில் பிரளயம் வந்ததாம், உலகமே முழுகிற்றாம், மற்ற ஊர்களில் சாமியைப் பார்த்துக் கொண்டிருக்கிற நந்தி, இந்த ஊரில் மாத்திரம் வெள்ளத்துக்கு எதிர்முகமாய்த் திரும்பி நின்று அதைத் தடுத்துவிட்டதாம். பெண்களும், ஆவும், கடம் என்கிற யானையும் வந்து பூசை செய்ததால் ஊருக்குப் பெண்ணாகடம் என்று பெயர் வந்ததாம். இவ்வளவு சங்கதியும் அங்குள்ள சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அதே ஊரில், "ஐயா! 2004-ஆம் வருஷத் தேர்தல் வரையில் சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டு வந்த உங்களை, 2009-ஆம் வருஷத்தில் கடலூர்த் தொகுதிக்கு ஓட்டுப் போடும்படி திருப்பிவிட்டது யார்? எதற்காகத் திருப்பினார்கள்? திருப்புவதற்கு முன் உங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக் கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? "சர்க்கார் மாத்தினாங்க, நமக்கென்ன தெரியும்" என்பார் ஒருவர். "எந்தத் தொகுதியாயிருந்தால் என்ன, நம் தலையெழுத்து மாறப் போகிறதா?" என்பார் மற்றொருவர். வராத பிரளயத்தில் கல் நந்தி திரும்பின கதை நமக்குத் தலைகீழ்ப் பாடம். நம்முடைய ஆயுளிலேயே, நம்முடைய ஓட்டையே பிடித்துத் திருப்பின கதை நமக்குத் தெரியாது. இதைவிட ஒரு சமூகம் வெட்கப்பட வேண்டிய காரியம் வேறென்ன இருக்கிறது?

ஆகவே நடந்ததை முதலில் உள்ளபடி சொல்லுவோம்.

2002-ஆம் வருஷத்தில் தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைப்பதற்கென்று ஒரு சட்டம் செய்யப்பட்டு, அதன்படி சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்ற குல்தீப் சிங் என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் ஏற்பட்டது. 1971-ஆம் வருஷத்து ஜனக் கணக்கை வைத்து 1976-இல் போட்ட பழைய கோடுகளை இந்தக் கமிஷன் அழித்து, 2001-ஆம் வருஷத்துக் கணக்கை வைத்துப் புதுக் கோடுகளைப் போட்டது. 2008-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி அவை அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டுக்கு மொத்த ஸ்தானங்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்லிமெண்டுக்கு 39, சட்டசபைக்கு 234 என்பது அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே ஊர்களெல்லாம் இடம் மாறின. மங்களூர் என்ற சட்டசபைத் தொகுதி ஒழிந்து போயிற்று. திட்டக்குடி என்ற பெயரால் புதிதாக ஒரு தனித் தொகுதி உண்டாயிற்று. பெண்ணாடம் அதில் அடங்கிற்று. திட்டக்குடியும் விருத்தாசலமும் சிதம்பரத்தை விட்டுக் கடலூர் பார்லிமெண்டுத் தொகுதியில் சேர்க்கப்பட்டன.

இதற்குக் காரணம் என்னவென்றால், முதலாவது காரணம் வெறும் கணக்குத்தான். 234-ஐ 39-ஆல் வகுத்தால் 6 வரும். அதாவது ஆறு சட்டசபைத் தொகுதி கொண்டது ஒரு பார்லிமெண்டுத் தொகுதி. ஒரு சட்டசபைத் தொகுதியை இரண்டாக வெட்டி இரண்டு பார்லிமெண்டுத் தொகுதிகளில் பாதி பாதியாய்ப் போடக் கூடாது என்பது சட்டம். கடலூர் ஜில்லாவில் இருப்பதோ ஒன்பது சட்டசபைத் தொகுதிகள். ஒன்பதை ஆறு ஆறாகப் பிரித்தால் ஒன்றரைதானே வரும்! எனவே திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறையும் சேர்த்துக் கடலூர்த் தொகுதி என்றார்கள். மிஞ்சி நின்ற புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் மூன்றோடு, ஜில்லாவுக்கு வெளியேயிருந்து குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றையும் கொண்டு வந்து ஒட்டிச் சிதம்பரம் தொகுதி என்றார்கள்.

இதன் பலனைப் பாருங்கள். பெண்ணாடத்துக்குத் தெற்கே வெள்ளாறு ஓடுகிறது. ஆற்றுக்கு அக்கரை அரியலூர் ஜில்லா. அக்கரையிலுள்ள செந்துறைப் பக்கத்தார் குன்னம் தொகுதி வழியாகச் சிதம்பரத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள். கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த இக்கரைப் பெண்ணாடத்தாரோ கடலூருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் அந்த வெள்ளாற்றுத் தண்ணீர் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. தண்ணீர் போவது சிதம்பரம் தொகுதிக்கு. ஓட்டுப் போவது கடலூர்த் தொகுதிக்கு! ஆற்றில் தண்ணீரில்லை, கரையில் மணல் கொள்ளை போகிறது என்று ஒரு குடியானவன் முறையிட வேண்டுமானால், மேல் பக்கத்துக்கு ஒரு மெம்பர், அக்கரைக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் மற்றொரு மெம்பர். இருவரில் ஒருவர் மற்றவரைக் கையைக் காட்டிவிட்டால் அவன் எங்கே போய் நிற்பது?

இப்படிச் சொல்லுவதால் பெண்ணாடத்தைச் சிதம்பரத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று நாம் வாதாடுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒரே ஜில்லாவைச் சேர்ந்த ஊர் அந்த ஜில்லாத் தலைநகரத்தின் தொகுதியிலேயே இருப்பது சௌகரியம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் நியாயந்தான். ஆற்றுக்கு இருகரையும் ஒன்றாயிருப்பது நியாயம் என்று மற்றொருவர் சொன்னால் அதுவும் நியாயந்தான். சட்டத்திலேயே, தொகுதிகள் கூடியவரையில் சிதறாமல் ஒரே பிரதேசமாக இருக்க வேண்டும், ஆறு மலை முதலிய இயற்கை அமைப்பைப் பார்க்க வேண்டும், இருக்கிற ஜில்லா தாலுக்கா எல்லைகளைப் பார்க்க வேண்டும், போக்குவரத்தைப் பார்க்க வேண்டும், பொது ஜனங்களின் சௌகரியத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது மனிதர்களுடைய தீர்மானம். அதாவது கோடு வேறு மாதிரியாகவும் போட்டிருக்கலாம். நாம் சொல்லுவது இது ஒன்றுதான்: கோடு ஆகாயத்திலிருந்து விழவில்லை, மனிதன் போட்டது. மனிதன் போட்டதை மனிதன் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நிற்க, "எந்தக் கோடாயிருந்தால் என்ன?" என்று அலட்சியமாய்ப் பேசுகிற தோழர்களுக்கு உலக சரித்திரத்திலிருந்து இரண்டு சங்கதி சொல்லுவோம். இங்கிலாந்தில் பழைய சாரம் என்று ஒரு தொகுதி இருந்தது. ஊர் அழிந்து, ஜனங்கள் வெளியேறி, வெறும் மேடாய்ப் போன பிறகும் அந்த மேட்டின் பெயரால் இரண்டு மெம்பர்கள் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே காலத்தில் லட்சக் கணக்கான தொழிலாளிகள் வாழ்ந்த மான்செஸ்டர் பட்டணத்துக்குத் தனியாக ஒரு மெம்பர்கூட இல்லை. மேட்டுக்குச் சொந்தக்காரர் கை காட்டியவர் மெம்பர்! 1832-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. அமெரிக்காவிலோ, 1812-ஆம் வருஷத்தில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கவர்னராயிருந்த கெர்ரி என்பவரின் காலத்தில், அவருடைய கட்சி ஜெயிப்பதற்கு ஏற்றபடி ஒரு தொகுதியை வளைத்து வளைத்துக் கோடு போட்டார்கள். படத்தில் பார்த்தால் அது பல்லி ஜாதிப் பிராணி ஒன்றைப் போல் இருந்ததாம். அன்று முதல் இந்தப் பித்தலாட்டத்துக்கு அவர் பெயரையே அங்கே வைத்துவிட்டார்கள். ஓட்டர்கள் பிரதிநிதியைப் பொறுக்கி எடுப்பதற்குப் பதிலாகப் பிரதிநிதி தனக்கு வேண்டிய ஓட்டர்களைப் பொறுக்கி எடுத்துக் கொள்ளுகிற வித்தை அது. கோட்டில் என்ன இருக்கிறது என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

இனி நம் நாட்டில் இந்தக் கோடு யாரை அதிகமாய்த் தொடுகிறது என்று பார்ப்போம். அது ஆதிதிராவிடத் தோழர்களைத்தான்.

1932-ஆம் வருஷத்துப் பூனா ஒப்பந்தத்தின் மூலம், ஆதிதிராவிடர்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தனியாக ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கும் உரிமை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஸ்தானம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஓட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று. சுயராஜ்யம் வந்த பிறகு முதல் இரண்டு தேர்தல்களில், ஒரே தொகுதிக்கு இரண்டு மெம்பர், அதில் ஒருவர் ஆதிதிராவிடர் என்கிற ஏற்பாடு பல இடங்களில் இருந்தது. 1957-இல் சிதம்பரம் அப்படிப்பட்ட இரட்டைத் தொகுதி. காட்டுமன்னார்கோயில் பக்கத்தைச் சேர்ந்தவரும், பிற்காலத்தில் தீண்டாமை பற்றி விசாரித்து 1969-இல் அறிக்கை கொடுத்த கமிட்டிக்குத் தலைவராயிருந்தவருமான எல். இளையபெருமாள் அவர்கள் அத்தேர்தலில் சிதம்பரத்திலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். 1961-இல் ஒரு சட்டத்தின் மூலம் இரட்டைத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. அன்று முதல் ஒதுக்கப்பட்ட ஸ்தானம் என்பது ஒதுக்கப்பட்ட பிரதேசமாய் மாறிற்று. அதாவது கோட்டுக்கு உள்ளே இருந்தால் தனித் தொகுதி. கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளியிருந்தால் பொதுத் தொகுதி.

பெண்ணாடம் இதற்கு நல்ல உதாரணம். சிதம்பரம் தனித் தொகுதி. கடலூர் பொதுத் தொகுதி. 2004 வரையில் பெண்ணாடத்துச் சேரியில் இருக்கும் தோழர், தன் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்புகிற தொகுதியில் ஓட்டுப் போட்டார். 2009 முதல் அப்படியில்லை. அவர் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, தெருவில் அவருக்கு உள்ள மரியாதையும் அதிகம் மாறவில்லை. கோடு மாறியது. சட்டசபைக்கு மாத்திரம் திட்டக்குடி தனித் தொகுதியாயிருக்கிறது. இதிலாவது அவரை நிம்மதியாய் இருக்கவிடுகிறார்களா? "நம் ஊர் ரிசர்வ் தொகுதியாய்ப் போய்விட்டதே, இனி நம்மவர் நிற்க முடியாதே" என்று திண்ணையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறவர்கள் எத்தனை தொகுதிகளில் எத்தனை பேர்!

அவர்களை நாம் கேட்கிறோம்: தனித் தொகுதியில் உங்கள் ஓட்டைப் பிடுங்கிக் கொண்டார்களா? இல்லையே! எல்லா ஜாதிக்காரரும்தானே ஓட்டுப் போடுகிறார்கள்? அங்கு ஜெயிக்கிறவர் பெரும்பாலும் மற்ற ஜாதிக்காரர் ஓட்டையும் வாங்கித்தானே ஜெயிக்க வேண்டியிருக்கிறது? நிற்கிறவர் மாத்திரம் ஆதிதிராவிடராயிருக்க வேண்டும் என்பதற்கே உங்களுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் வருமானால், பொதுத் தொகுதி என்று பெயர் வைத்துக் கொண்டு ஆதிதிராவிடர் ஒருவரையும் நிறுத்தாமல் இத்தனை வருஷம் நடத்தி வருகிறீர்களே, அப்போது அந்தத் தோழருக்கு எவ்வளவு வயிறு எரிந்திருக்கும்? "நம்மவர்" என்று நீங்கள் சொல்லுகிறபோது அதில் உங்கள் ஊர்ச் சேரிக்காரர் சேரவில்லையென்றால், நீங்கள் தேடுவது ஊருக்குப் பிரதிநிதியல்ல, ஜாதிக்குப் பிரதிநிதி. அதைத் தைரியமாய்ச் சொல்லிவிடுவதுதானே!

தமிழ்நாட்டுக்கு உள்ள 39 பார்லிமெண்டு ஸ்தானங்களில் 7 ஸ்தானங்கள் ஆதிதிராவிடருக்கு. 234 சட்டசபை ஸ்தானங்களில் 44 ஸ்தானங்கள் அவர்களுக்கு, 2 ஸ்தானங்கள் மலைஜாதியாருக்கு. இது யாரும் போட்ட பிச்சையல்ல; ஜனத்தொகைப்படி வந்த பங்கு. எங்கே ஒதுக்குவது என்பதற்கும் விதி இருக்கிறது: அவர்கள் தொகை ஒப்பு நோக்க அதிகமாயுள்ள இடங்களில், ராஜ்யத்தின் பல பாகங்களிலும் பரவலாக ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். இந்த விதி சரியாய் நடந்திருக்கிறதா, எந்த ஊரைச் சேர்த்து எந்த ஊரைத் தள்ளினார்கள், அதனால் ஆதிதிராவிடர் ஓட்டு ஒன்று சேர்ந்ததா சிதறிப் போனதா என்று கவனித்துக் கேட்கவேண்டிய கடமை முதலாவதாக நமக்கு இருக்கிறது.

"கேட்பதற்கு நமக்கு வழி ஏது?" என்பார்கள். வழி இருக்கிறது. கமிஷனுக்கு உதவியாக ஒவ்வொரு ராஜ்யத்திலிருந்தும் பார்லிமெண்டு மெம்பர் ஐவர், சட்டசபை மெம்பர் ஐவர், ஆகப் பத்துப் பேர் கூட உட்காருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், மாறுபட்ட அபிப்பிராயமிருந்தால் எழுதிக் கொடுக்கலாம். கமிஷன் முதலில் ஒரு நகல் யோசனையைக் கெஜட்டில் பிரசுரிக்க வேண்டும். ஒரு தேதி குறித்து அதற்குள் வரும் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். பகிரங்கமாய்ப் பொதுக் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். அதற்கப்புறந்தான் முடிவான உத்தரவு. உத்தரவு கெஜட்டில் வந்துவிட்டால் அது சட்டம். கோர்ட்டுக்குப் போக முடியாதென்று அரசியல் சட்டம் 329-ஆவது பிரிவு சொல்லுகிறது. 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அப்படியே சொல்லிற்று. சுத்தமாய்த் தன்னிச்சையாய்ச் செய்த காரியமாயிருந்தால் நாங்கள் பார்க்கலாம் என்று 2024-இல்தான் அக்கோர்ட்டு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது.

ஆகவே ஜனங்கள் வாய் திறப்பதற்கு உள்ள காலம், நகல் யோசனைக்கும் முடிவான உத்தரவுக்கும் இடையிலுள்ள கொஞ்ச காலந்தான். அந்தக் காலத்தில் யார் போகிறார்கள்? கட்சிக்காரர் போகிறார், வக்கீல் போகிறார், தனக்கு அடுத்த தேர்தலில் ஸ்தானம் கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கிறவர் போகிறார். கரும்பு போடுகிற குடியானவன் போகிறானா? கூலிக்காரன் போகிறானா? சேரியிலிருந்து ஒருவர் போகிறாரா? பெண்கள் போகிறார்களா? கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கக் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, கெஜட்டைப் படித்துக் கேட்கக் கூடியதுண்டா?

இது பெண்ணாடத்தோடு நிற்கிற விஷயமல்ல. பெண்ணாடத்துக்குள் நடந்தது தேசத்துக்குள்ளும் நடக்கிறது. 1962-ஆம் வருஷத் தேர்தலில் பார்லிமெண்டில் நமக்கு 41 ஸ்தானம். 1967-இல் அது 39 ஆயிற்று. ஜனத்தொகை மற்ற இடங்களைப் போல் பெருகவில்லை என்பதுதான் காரணம். பிள்ளைப் பேற்றை மட்டுப்படுத்து என்று சர்க்கார் சொன்னதைக் கேட்ட ராஜ்யங்களுக்கு மேற்கொண்டும் தண்டனை வரக்கூடாதென்றுதான் 1976-இல் ஸ்தான எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2001-இல் செய்த 84-ஆவது திருத்தத்தில், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் ஜனக் கணக்கு வரையில் அந்த நிறுத்தத்தை நீட்டினார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் என்று 2023-இல் செய்த 106-ஆவது திருத்தத்தையும் இந்த எல்லைக் கோட்டோடேயே முடிச்சுப் போட்டுத்தான் நிறைவேற்றினார்கள். ஆகவே கோடு என்பது ஆதிதிராவிடர் பங்கு, பெண்கள் பங்கு, தமிழ்நாட்டின் பங்கு ஆகிய மூன்றும் அடங்கிய கோடு. தமிழ்நாட்டுக்கு டில்லியில் பங்கு குறையக்கூடாது என்று மேடையில் முழங்குகிற நாம், நம் ஊருக்குள் சேரிக்கும் பெண்களுக்கும் உள்ள பங்கைப் பற்றி வாய் மூடிக் கொண்டிருந்தால் அது யோக்கியமாகுமா? வெளியே கேட்கிற நியாயத்தை வீட்டுக்குள் கொடுக்க வேண்டாமா?

ஒரு காலத்தில் சொத்துள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் ஓட்டு. நம் பாட்டன்மாரில் பெரும்பாலோருக்கு எந்தத் தொகுதியும் கிடையாது; அவர்களைச் சேர்த்துப் போட எந்தக் கோடும் கிடையாது. இன்று வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்திருக்கிறது. ஓட்டு மாத்திரம் வந்து, அதைப் பற்றிக் கேட்கிற புத்தி வரவில்லையென்றால், ஆட்டுக்குக் கொம்பு முளைத்தும் கசாப்புக்காரன் பின்னால் போன கதையாகத்தான் முடியும்.

எனவே தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். அடுத்த கோடு எப்பொழுது போட வந்தாலும், நகல் யோசனை வந்த அன்றே அதை வாங்கி ஊர்ப் பொதுவிடத்தில் உரக்கப் படியுங்கள். தெருக்காரரும் சேரிக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேளுங்கள். பெண்களைப் பின்னால் நிறுத்தாமல் முன்னால் உட்கார வையுங்கள். நம் ஊரை எதோடு சேர்த்திருக்கிறார்கள், ஏன் சேர்த்திருக்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போடுங்கள். நியாயமாயிருந்தால் சரியென்று எழுதுங்கள். அநியாயமாயிருந்தால் காரணத்தோடு ஆட்சேபித்து எழுதுங்கள். எழுதினதெல்லாம் நடந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. எழுதாமலிருந்தால் ஒன்றும் நடக்காது என்று மாத்திரம் உறுதியாய்ச் சொல்லுவோம்.

வெள்ளம் வந்தால் நந்தி திரும்பித் தடுக்கும் என்று நம்பியிருந்த காலம் போதும். கல் நந்தி ஒருநாளும் திரும்பாது. திரும்ப வேண்டியது மனிதன். கேட்க வேண்டியதும் மனிதன்தான். பெண்ணாடம் எந்தத் தொகுதி என்று இனி யாராவது கேட்டால், "கடலூர்" என்று பெயரை மாத்திரம் சொல்லி நிறுத்திவிடாமல், "இன்ன காரணத்தினால் கடலூர், அது இன்ன வகையில் சரி, இன்ன வகையில் தப்பு" என்று அந்த ஊர்ச் சிறு பிள்ளையும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லுகிற நாள் வருமானால், கோடு எந்தப் பக்கம் போனாலும் அந்த ஊரார் யாருக்கும் அடிமையல்ல என்று நாம் நம்பலாம்.